ஆலை எங்கே வரும்? எங்கே நிலைக்கும்?

தூத்துக்குடிக்கு வரும் என்று 2025 ஆகஸ்டில் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தான தென்கொரியக் காலணி ஆலை ஒன்று, நவம்பரில் ஆந்திர மாநிலம் குப்பத்துக்குப் போய்விட்டது. முதலீடு 1,720 கோடி ரூபாய், வேலைவாய்ப்பு 20,000. எதிர்க்கட்சிகள் அரசைச் சாடின. அரசுத் தரப்பு, அண்டை மாநிலம் அள்ளிக்கொடுத்த சலுகைகளைக் காட்டியது. சில நாட்களில் சத்தம் அடங்கிவிட்டது. கேட்டிருக்க வேண்டிய கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது: ஓர் ஆலை எதைப் பார்த்து ஓர் ஊரைத் தேர்ந்தெடுக்கிறது? வந்த ஊரிலேயே எதனால் தங்குகிறது?

தொழிலதிபர்களும் அமைச்சர்களும் மட்டும் கவலைப்பட வேண்டிய விஷயம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. விளாத்திகுளத்தில் படிப்பை முடித்த ஒரு பெண், வீட்டிலிருந்தே பேருந்தேறி வேலைக்குப் போய்வருவாரா, 500 கிலோமீட்டருக்கு அப்பால் ஒரகடத்தில் ஒரு விடுதிக் கட்டிலில் உறங்குவாரா என்பதை ஆலையின் இடம்தான் முடிவுசெய்கிறது. ஊரில் வாடகை ஏறுவது, கிணற்று நீர் நிறம் மாறுவது, தெருமுனை லேத் பட்டறைக்கு வேலை கிடைப்பது என எல்லாமே அந்த முடிவோடு பிணைந்திருக்கின்றன.

என் கணிப்பு இதுதான். நிலமும் மானியமும் ஆலையை வரவழைக்கும். சுற்றியிருக்கும் கைத்தேர்ச்சியும் பட்டறைகளும் வீடும் நீரும்தான் அதைத் தங்கவைக்கும். வரவழைப்பதில் காட்டும் சுறுசுறுப்பில் பாதியைக்கூட நாம் தங்கவைப்பதில் காட்டுவதில்லை.

எடை முடிவுசெய்த காலம்

ஆலையின் இருப்பிடத்தை முறையாகக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்களில் முக்கியமானவர் ஜெர்மானியப் பொருளியல் அறிஞர் ஆல்ஃபிரட் வெபர். 1909-இல் வெளிவந்த அவருடைய நூலின் மையக் கருத்து எளியது. தயாரிப்பின்போது மூலப்பொருளின் எடை குறையுமானால், ஆலை அந்த மூலப்பொருள் கிடைக்கும் இடத்துக்கே போகும். செய்துமுடித்த பொருளின் எடையோ பருமனோ கூடுமானால், அது வாங்குபவருக்குப் பக்கத்தில் நிற்கும்.

நம் மாநிலத்தின் வரைபடத்தைப் பார்த்தாலே இது விளங்கும். ஒரு டன் சிமென்ட் செய்ய ஏறக்குறைய ஒன்றரை டன் சுண்ணாம்புக்கல் வேண்டும். அதனால்தான் அரியலூர், டால்மியாபுரம், மதுக்கரை, தாழையூத்து என்று சுண்ணாம்புக்கல் கிடைத்த இடங்களிலெல்லாம் சிமென்ட் ஆலைகள் எழுந்தன. நூறு கிலோ கரும்பில் பத்துக் கிலோ அளவுக்குத்தான் சர்க்கரை கிடைக்கும். வெட்டிய கரும்பு காயக் காயச் சர்க்கரைச் சத்தும் குறையும். ஆகவே சர்க்கரை ஆலை வயலை விட்டு வெகுதூரம் போக முடியாது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை வெட்டியெடுக்கும் இடத்திலேயே மின்நிலையம் நிற்பதற்கும் இதுவே காரணம். ரொட்டியும் குளிர்பானமும் தயாரிப்பவர்கள் நகரங்களைச் சுற்றியே இடம் தேடுவது இதன் மறுபக்கம்.

இயற்கை வகுத்த இந்தக் கணக்கை ஓர் அரசாணையால் கலைக்க முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. 1950-களில் மத்திய அரசு கொண்டுவந்த சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கைப்படி, எஃகும் சிமென்ட்டும் நாட்டின் எந்த மூலைக்குப் போனாலும் ஒரே விலைக்குக் கிடைத்தன. ஜம்ஷெட்பூருக்குப் பக்கத்தில் இருப்பவருக்கும் சென்னையில் இருப்பவருக்கும் எஃகின் விலை ஒன்றுதான். அப்படியானால் சுரங்கத்துக்கு அருகே ஆலை போட வேண்டிய அவசியம் என்ன? துறைமுகமும் சந்தையும் உள்ள மேற்கு, தென் மாநிலங்களுக்குப் பொறியியல் தொழில்கள் வந்தன. மண்ணுக்கடியில் கனிமம் குவிந்திருந்த அன்றைய பீகாரும் வங்கமும் ஒடிசாவும் தங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய பெரும் அனுகூலத்தை இழந்தன.

1990-களின் தொடக்கத்தில் அந்தக் கொள்கை கைவிடப்பட்டது. ஆனால் அதற்குள் இரண்டு தலைமுறை கடந்துவிட்டது. கொள்கை போனதும் ஆலைகள் கிழக்கே திரும்பிவிடவில்லை. இன்று பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் திருப்பூருக்கும் அம்பத்தூருக்கும் ரயிலேறி வரும் இளைஞர்களைப் பார்க்கும்போது, அந்தப் பழைய அரசாணைக்கும் இந்தப் பயணத்துக்கும் உள்ள தொடர்பை நாம் மறக்கக் கூடாது. தமிழ்நாட்டின் தொழில் வளர்ச்சியில் நம் உழைப்பும் தொலைநோக்கும் உண்டு. அடுத்தவர் இழந்ததில் ஒரு பங்கும் அதில் இருக்கிறது.

சிவகாசி, திருப்பூர், கோவை

எடைக் கணக்கால் விளக்கவே முடியாத ஊர்கள் சில இருக்கின்றன. சிவகாசியில் தீக்குச்சிக்கான மரம் விளையவில்லை, ரசாயனம் கிடைக்கவில்லை, துறைமுகமும் இல்லை. மழை குறைவு, வெயில் அதிகம், விவசாயத்தில் பிழைக்க முடியாத மக்கள் ஏராளம். அவ்வளவுதான் அந்த ஊரின் முதல்.

1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். வறண்ட காற்று தீக்குச்சி காய்வதற்கு ஏற்றதாக இருந்தது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். அதற்காக அச்சகம் வந்தது. அச்சகம் வந்ததும் காலண்டரும் டைரியும் வந்தன. தீப்பெட்டி ரசாயனம் பழகிய கைகள் பட்டாசுக்குப் போயின. பட்டாசுக்கு அட்டைப்பெட்டி தேவைப்பட்டது. அட்டைப்பெட்டிக்கு மறுபடியும் அச்சகம். ஒரு தொழிலின் தேவை அடுத்த தொழிலுக்கு வாசல் திறந்தது. இன்று நாட்டின் பட்டாசில் மிகப்பெரும் பங்கு அந்த ஒரு வட்டாரத்திலிருந்தே வருகிறது.

இப்படி ஒரே தொழில் ஒரே வட்டாரத்தில் குவிவதை ஆங்கிலப் பொருளியல் அறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890-இலேயே விளக்கிவிட்டார். ஷெஃபீல்டில் கத்தி செய்பவர்களையும் லங்காஷயரில் பருத்தி நூற்பவர்களையும் கவனித்த அவர் மூன்று காரணங்களைச் சொன்னார். தேர்ந்த ஆட்கள் ஓரிடத்தில் சேர்ந்துவிடுகிறார்கள். துணைத் தொழில்கள் பக்கத்திலேயே முளைக்கின்றன. தொழில் நுணுக்கம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தானாகப் பரவுகிறது.

இதை நேரில் பார்க்க வேண்டுமானால் திருப்பூருக்குப் போனால் போதும். ஒரு டி-சர்ட் ஒரே கூரையின் கீழ் பிறப்பது அங்கே அரிது. நூல் ஓரிடத்தில் வாங்கப்படுகிறது. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், காம்பாக்டிங் ஓரிடம், பிரிண்டிங் ஓரிடம். கட்டிங் முடிந்து பவர் டேபிளுக்குப் போய், காஜா பட்டன், செக்கிங், அயர்னிங் கடந்து பாக்கிங்குக்கு வருவதற்குள் அது பல கம்பெனிகளின் படியேறி இறங்கியிருக்கும். நாலு மெஷினோடு வீட்டு முன்னறையில் ஜாப் ஒர்க் செய்பவரும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. 2024-25-இல் 40,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்த நகரம், இப்படிச் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு கூடங்களால் ஆனது. இதில் ஏதாவது ஒரு கம்பெனியைப் பெயர்த்து வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோனால், அது பாதி வேலையைச் செய்ய ஆளில்லாமல் தவிக்கும்.

கோவையின் கதை இன்னும் சுவையானது. கரிசல் மண்ணில் பருத்தி விளைந்தது. 1888-இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1930-களின் தொடக்கத்தில் பைக்காரா மின்சாரம் வந்தபின் மில்கள் பெருகின. மில் இயந்திரம் பழுதானால் சரிசெய்யப் பட்டறைகள் வேண்டும். வார்ப்புக்குப் பவுண்டரி வேண்டும். கொங்கு மண்ணில் கிணறுகள் ஆழமானவை, கவலை கட்டி இறைத்து மாளாது. பவுண்டரி தெரிந்தவர்களும் மின்சாரம் தெரிந்தவர்களும் சேர்ந்து மோட்டார் செய்தார்கள். மோட்டார் பம்ப்செட் ஆனது, பிறகு வெட் கிரைண்டரும் ஆனது. இன்று அதே பட்டறைகள் வாகன உதிரிபாகம் செய்கின்றன. பருத்தி எங்கிருந்து வந்தாலும் கோவைக்கு இப்போது கவலையில்லை. கைத்தேர்ச்சி அங்கேயே இருக்கிறது. தொழில் மாறினாலும் அது மாறிக்கொள்ளும்.

இந்த மூன்று ஊர்களையும் எந்த அரசும் திட்டமிட்டு உருவாக்கவில்லை என்று சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. அதில் பாதிதான் உண்மை. பைக்காரா அரசு போட்ட திட்டம். தொழில்நுட்பக் கல்வி, ஆராய்ச்சிக் கூடங்கள், வங்கிக் கடன், சாலை ஆகியவை இல்லாமல் இந்த வளர்ச்சி வந்திருக்காது. கண்காணிக்கத் தவறிய இடங்களில் என்ன நேர்ந்தது என்பதைச் சிவகாசியின் வெடிவிபத்துகளும், அங்கே நெடுங்காலம் தீக்குச்சி அடுக்கிய சிறுவர்களின் விரல்களும் சொல்லும்.

வேர்பிடிக்காத ஆலைகள்

எடை குறைந்து விலை கூடிய பொருட்கள் வந்தபின் ஆலைகளின் குணமே மாறிவிட்டது. ஒரு கைப்பேசியின் எடை இருநூறு கிராம் இருக்கும். விலை பல்லாயிரம் ரூபாய். அதை விமானத்தில் அனுப்பினாலும் கட்டுப்படியாகும். உதிரிபாகங்கள் கடல் கடந்து வருகின்றன. கூடத்தில் நடப்பது பெரும்பாலும் பொருத்தும் வேலை. இப்படிப்பட்ட ஆலை எங்கும் இறங்கலாம். எங்கிருந்தும் கிளம்பலாம்.

ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா ஆலை, உலகின் பெரிய கைப்பேசி ஆலைகளில் ஒன்று என்று பெயரெடுத்தது. ஆயிரக்கணக்கான இளம்பெண்களுக்கு அது முதல் சம்பளத்தைக் கொடுத்தது. வரி வழக்கும் நிறுவனம் கைமாறியதும் சேர்ந்துகொள்ள, 2014 நவம்பரில் உற்பத்தி நின்றது. எட்டே ஆண்டுகள். பக்கத்திலிருந்த துணை நிறுவனங்களும் அடுத்தடுத்து மூடின. வேலையிழந்தவர்களில் பலருக்கு வயது முப்பதைக்கூடத் தொட்டிருக்கவில்லை.

2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது மறைமலைநகர் அதிர்ந்தது. ஆனால் அங்கே நடந்தது கொஞ்சம் வேறுவிதம். ஹூண்டாய் 1998 முதல் கார் தயாரித்துக்கொண்டிருந்த அதே வட்டாரத்தில் வேறு வாகன நிறுவனங்களும், அவற்றுக்கு உதிரிபாகம் தரும் நூற்றுக்கணக்கான கூடங்களும் இருந்தன. ஃபோர்டுக்கு மட்டுமே பொருள் கொடுத்தவர்கள் அடிபட்டார்கள். பலருக்குப் பொருள் கொடுத்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள். பூட்டிக் கிடந்த நோக்கியா வளாகத்துக்கும் சில ஆண்டுகள் கழித்துச் சார்ஜர் தயாரிக்கும் நிறுவனம் வந்தது. ஃபோர்டும் மறைமலைநகரில் என்ஜின் தயாரிக்க 3,250 கோடி ரூபாய் முதலீட்டை 2025 அக்டோபரில் அறிவித்திருக்கிறது. தேர்ந்த ஆட்களும் துணைத் தொழில்களும் அங்கே கலையாமல் இருப்பது இப்படித் திரும்பி வருவதை எளிதாக்குகிறது.

ஒரு பெரிய முதலாளியை நம்பி இருக்கும் ஊருக்கும், பல முதலாளிகள் இருக்கும் ஊருக்கும் உள்ள வேறுபாடு இதுதான். முதலாவது ஊரில் ஆலை மூடினால் ஊரே முடங்கும். இரண்டாவதில் தொழிலாளிக்கு மறு வாசல் உண்டு. ஆலையை ஒரு மரமாக நினைத்தால், பக்கத்துப் பட்டறைகளும் பழகிய கைகளும்தான் அதன் வேர்கள். நிலத்தைத் தயாராக வைத்திருப்பது குழி தோண்டுவது மட்டுமே.

குப்பத்தையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். அது ஆந்திர முதலமைச்சரின் தொகுதி என்பதைப் பத்திரிகைகள் எழுதின. வரைபடத்தில் அது இருக்கும் இடத்தை அவ்வளவாக யாரும் பேசவில்லை. ஜோலார்பேட்டை – பெங்களூரு ரயில் பாதையில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியபடி இருக்கிறது குப்பம். கிழக்கே போனால் வாணியம்பாடி, ஆம்பூர்; தலைமுறைகளாகத் தோலும் காலணியும் தெரிந்த வட்டாரம். மேற்கே பெங்களூரு. தொழிலுக்கு மாநில எல்லை ஒரு கோடுதான். சலுகைப் பட்டியல் எவ்வளவு நீளமாக இருந்தாலும், பழகிய கைகளுக்கு எட்டும் தூரத்தில் ஓர் ஊர் இருப்பது அதற்குப் பெரிய பலம்.

இரவு எங்கே தங்குவது?

இந்தியத் தொழிற்சாலைகளில் வேலைசெய்யும் பெண்களில் 40 சதவீதத்துக்கு மேற்பட்டோர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். ஆலைகளின் எண்ணிக்கையிலும் நாட்டில் நாம்தான் முதலிடம். இந்தப் பெண்கள் நமக்குக் கிடைத்த பெரும் பலம். பள்ளிக்கூடம், சத்துணவு, விடுதி, பேருந்து என்று பல பத்தாண்டுகள் அரசு செய்த செலவின் விளைச்சல் அது. மின்னணு, காலணி நிறுவனங்கள் இங்கே வருவதற்கு இதைவிட வலுவான காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அவர்களை எப்படி நடத்தினோம் என்பது வேறு கதை. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரு விடுதியில் கெட்டுப்போன உணவால் நூற்றுக்கும் மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகளைப் பற்றிய உண்மைத் தகவல் கிடைக்காத பெண்கள், இரவோடு இரவாகச் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். உலகச் சந்தைக்கான கைப்பேசி உற்பத்தி சில வாரங்கள் நின்றது. சாப்பாடும் கழிப்பறையும் உற்பத்திக் கணக்கில் சேராத விஷயங்கள் என்று நினைத்தவர்களுக்கு அது தெளிவான பதில்.

அதன்பின் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு கட்டப்பட்டு, 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. மனதாரப் பாராட்ட வேண்டிய முயற்சி. ஆனால் ஆலைகள் வந்து, ஆட்கள் வந்து, பத்துக்குப் பத்து அறையில் எட்டுப் பேர் படுத்துறங்கி, போராட்டமும் நடந்த பிறகு வந்த முயற்சி அது. திருப்பூரில் இன்றும் வெளிமாநிலத் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாகத் தங்குவது காம்பவுண்டு வீடுகளின் ஒற்றை அறைகளில்தான். குழந்தையை எங்கே விடுவது என்று தெரியாமல் வேலையை விடும் பெண்கள் ஒவ்வொரு தொழில்நகரிலும் இருக்கிறார்கள். வீடும் குழந்தைகள் காப்பகமும் கடைசிப் பேருந்தும் தொழில் கட்டமைப்பின் பகுதிகள். அவற்றைச் சமூகநலம் என்று தனிக் கணக்கில் எழுதுவதை நிறுத்த வேண்டும்.

நீரின் கணக்கு

மலிவான நீரும் கேள்வி கேட்காத ஊரும் இருப்பதாலேயே சில தொழில்கள் ஓரிடத்தைத் தேர்ந்தெடுக்கின்றன. மகாராஷ்டிரத்தின் ரத்னகிரியில் மக்கள் எதிர்த்து நின்ற தாமிர உருக்காலை, 1990-களின் நடுவில் தூத்துக்குடிக்கு வந்தது. 2018 மே மாதத் துப்பாக்கிச்சூட்டில் 13 உயிர்கள் போனதில் முடிந்த கதை, உண்மையில் அந்த இடத்தேர்விலேயே தொடங்கிவிட்டது.

பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகள் கிணறுகளைக் கெடுத்த வழக்கில்தான், 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கோட்பாடு இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உறுதிசெய்தது. நொய்யலில் சாயக்கழிவு கலந்து, ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கு உதவாத நஞ்சுத் தேக்கமாகிப்போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரே நாளில் நகரத்தின் மூச்சு முட்டியது. சாயமேற்ற வேறு மாநிலங்களுக்குத் துணி போனது. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள்.

பின்னர் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கழிவுநீரைச் சுத்திகரித்து, அதையே திரும்பப் பயன்படுத்தும் முறைக்கு மாறின. செலவு அதிகம்தான். ஆனால் இன்று வெளிநாட்டு வாங்குபவர்களிடம் திருப்பூர் தலைநிமிர்ந்து காட்டும் முதல் விஷயம் அதுவாகவே ஆகியிருக்கிறது. முதலிலேயே செய்திருந்தால் நொய்யலும் கீழ்ப்பகுதி உழவர்களின் நிலமும் பிழைத்திருக்கும். இந்த வரிசையை ஒவ்வொரு புதிய தொழில் பூங்காவிலும் தலைகீழாக்க வேண்டும்.

தெற்குக்கும் டெல்டாவுக்கும் எப்போது?

சென்னையைச் சுற்றி ஒரு வளையம், கோவை – திருப்பூர் – ஈரோடு ஒரு வளையம், பெங்களூரின் நிழலில் வளர்ந்த ஓசூர். நம் ஆலைகளின் பெரும்பகுதி இந்த மூன்றுக்குள் அடங்கும். தென்மாவட்டங்களும் டெல்டாவும் ஆட்களை அனுப்பிக்கொண்டே இருக்கின்றன.

மாற்றம் நடக்கவே இல்லை என்று சொல்லக் கூடாது. செய்யாற்றில் பல ஆண்டுகளுக்கு முன்பு வந்த காலணி ஆலை, சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள் வீட்டிலிருந்தே போய்வரும் வேலையாக நிலைத்தது. அந்த வழியில் பெரம்பலூரில் 2023-இல் காலணி உற்பத்தி தொடங்கியது. ஜெயங்கொண்டத்துக்கும் அடிக்கல் நாட்டப்பட்டது. கங்கைகொண்டானில் சூரிய மின்தகடு ஆலை இயங்குகிறது. தூத்துக்குடியில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் 2025 ஆகஸ்ட் 4 முதல் மின்சாரக் கார்களைப் பொருத்துகிறது.

அதே நெல்லைச் சீமையில், நாங்குநேரியில் 2,000 ஏக்கருக்கு மேல் ஒதுக்கிய சிறப்புப் பொருளாதார மண்டலம் ஆண்டுக்கணக்கில் பெரும்பாலும் வெற்று நிலமாகவே கிடந்ததையும் நினைவில் வைக்க வேண்டும். நெடுஞ்சாலையும் நிலமும் இருந்தும் ஆலை வரவில்லை. தூத்துக்குடித் துறைமுகத்தின் கண்டெய்னர்களில் பெரும்பாலானவை இன்றும் கொழும்பு போய்ப் பெரிய கப்பலுக்கு மாறுகின்றன. அந்தக் காலதாமதமும் செலவும் தென்மாவட்ட ஆலையின் கணக்கில்தான் ஏறும். பெரிய கப்பல்கள் நேரடியாக அணையும் வசதி வராமல், தெற்கைத் தொழில் மையமாக்குவோம் என்ற பேச்சு முழுமையாகாது.

இன்னொரு பக்கம், ஏற்கெனவே ஒதுக்கிய மனைகள் சும்மா கிடக்க, விளைநிலம் புதிதாகக் கேட்கப்படுகிறது. செய்யாறு சிப்காட் விரிவாக்கத்துக்குச் சுமார் 3,000 ஏக்கர் எடுப்பதை எதிர்த்த மேல்மா பகுதி உழவர்கள் மீது 2023-இல் குண்டர் சட்டம் பாய்ந்தது. எதிர்ப்பு வலுத்ததும் பெரும்பாலோர் மீதான நடவடிக்கை திரும்பப் பெறப்பட்டது. முப்போகம் விளையும் நிலத்தைக் காக்க நின்றவரைக் குண்டர் என்று அழைத்ததை எந்த வளர்ச்சிக் கணக்கும் நியாயப்படுத்தாது.

செய்ய வேண்டியவை

முதல் வேலை, கணக்கைத் திறந்து வைப்பது. கையெழுத்தான ஒவ்வொரு ஒப்பந்தமும் இப்போது எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களில் அதே மாவட்டத்தார் எத்தனை பேர், ஒப்பந்தத் தொழிலாளர் எத்தனை பேர் என்பதை வட்டம் வாரியாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசு வெளியிட வேண்டும். மேடையில் சொல்லும் கோடிகளைவிட இந்த ஒரு பட்டியல் மக்களுக்கு அதிகம் சொல்லும்.

சலுகைகளின் வடிவமும் மாற வேண்டும். இயந்திரத்துக்குப் போட்ட முதலைப் பார்த்து மானியம் தருவதைக் குறைத்து, கொடுத்த சம்பளத்தையும் உள்ளூர்ப் பட்டறைகளிடம் வாங்கிய பொருளையும் பார்த்துத் தர வேண்டும். வின்ஃபாஸ்ட் போன்ற ஆலை எல்லா உதிரிபாகத்தையும் கப்பலில் இறக்கிப் பொருத்திக்கொண்டிருந்தால், தூத்துக்குடிக்குக் கிடைப்பது ஒரு கொட்டகையும் சில ஆயிரம் சம்பளங்களும்தான். இருக்கையும் கம்பிச் சரமும் பிளாஸ்டிக் பாகமும் கோவில்பட்டியிலும் விருதுநகரிலும் தயாரானால் அது வேறு வகைத் தொழில். அதற்கு அந்த ஊர்களில் அச்சுவார்ப்பு செய்யும் பொதுக் கருவிக்கூடமும், தரம் சோதிக்கும் ஆய்வகமும் வேண்டும். ஒரு சிறு பட்டறை தனியாக வாங்க முடியாத இயந்திரத்தை நூறு பட்டறைகளுக்குப் பொதுவாக வைக்கலாம். தென்மாவட்டங்களில் இதற்குச் செலவிடும் பணம் வீண்போகாது.

சிறு பட்டறைகளுக்குப் பணம் நேரத்தில் வர வேண்டும். 45 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டம் சொல்கிறது. பெரிய கம்பெனியிடம் பாக்கியைக் கேட்டால் அடுத்த ஆர்டர் போய்விடும் என்ற பயத்தில் பலர் வாய்திறப்பதில்லை. மாநில அரசின் சலுகை பெறும் நிறுவனம், தன் சிறு சப்ளையர்களுக்குக் காலத்தில் பணம் தந்ததாகச் சான்று காட்டினால் மட்டுமே அடுத்த தவணை மானியம் என்று ஒரு விதி போதும்.

குடியிருப்பு, குழந்தைகள் காப்பகம், இரவுப் பேருந்து, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆகியவை தயாரான பிறகே தொழில் பூங்காவில் முதல் ஆலைக்கு உற்பத்தி அனுமதி தர வேண்டும். செலவு முன்கூட்டியே வருகிறது என்று நிதித்துறை முணுமுணுக்கும். பின்னால் நீதிமன்றத்திலும் மருத்துவமனையிலும் கொடுப்பதைவிட அது குறைவு.

புதிய நிலம் எடுக்குமுன், ஏற்கெனவே ஒதுக்கிய மனைகளில் குறித்த காலத்துக்குள் ஆலை தொடங்காதவர்களிடமிருந்து நிலத்தைத் திரும்பப் பெற வேண்டும். டெல்டாவில் 2020-ஆம் ஆண்டுப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இருக்கிறது. அங்கே நெல்லையும் தேங்காயையும் வாழையையும் மதிப்புக்கூட்டும் ஆலைகள்தாம் பொருத்தம். எடைக் கணக்கும் அதையே சொல்கிறது.

தென்மாநிலங்கள் ஒன்றையொன்று விலைகுறைத்து ஏலம் எடுப்பதை நிறுத்துவது எளிதல்ல. ஆனாலும் பேச வேண்டும். நிலத்தை ஏறக்குறைய இலவசமாகவும் மின்சாரத்தை அடிமாட்டு விலைக்கும் கொடுத்து ஓர் ஆலையை ஓர் எல்லையிலிருந்து இன்னோர் எல்லைக்கு இழுத்தால், நாட்டுக்குப் புதிதாக ஒரு வேலையும் சேர்வதில்லை. ஆலைக்குப் போகும் பணம் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போகாமல் நிற்கிறது. குறைந்தபட்சக் கூலியிலும் மாசுக் கட்டுப்பாட்டிலும் யாரும் இறங்கிவரக் கூடாத ஒரு பொதுக் கோட்டை ஐந்து மாநிலங்களும் சேர்ந்து வரைந்தால் அது பெரிய தொடக்கம்.

இவை அரசு செய்ய வேண்டியவை. வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஒப்பந்தம் உங்கள் வட்டாரத்துக்கு அறிவிக்கப்படும்போது, கிராம சபையில் எழுந்து நான்கு கேள்விகளைக் கேளுங்கள். ஆலைக்கு நீர் எங்கிருந்து வரும்? கழிவு எங்கே போகும்? வேலைக்கு வருவோர் எங்கே தங்குவார்கள்? நம்மூர்ப் பட்டறைகளுக்கு என்ன ஆர்டர் கிடைக்கும்? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, நகலைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.